கொல்லைப்புறத்தில் பிறந்த சந்திரப் படம்

நிலாவைக் காட்டிக் குழந்தைக்குச் சோறூட்டும் வழக்கம் நம்மோடு கூடவே வந்துள்ளது. ஊரும் மொழியும் மாறிய இக்காலனிக் குடியிருப்பிலும், மொட்டை மாடிக்கு மேல் எழுவது நம் ஊர்ச் சந்திரனே. அதனைச் சிறு தொலைநோக்கியின் வழியே சிறு காமிராவினால் படம் பிடிக்கும் ஆர்வம் இன்று நம் பிள்ளைகள் சிலரிடையே தோன்றியுள்ளது. “பெரிய வான ஆராய்ச்சி நிலையங்கள் செய்யவேண்டிய காரியம் நமக்கெதற்கு?” என்று வினவும் பெரியோரும் நம்மிடையே உளர். அவ்வினாவிற்கு வரலாறு தரும் விடை வியப்புக்குரியது. சந்திரப் படக்கலை பெரும்பாலும் வீட்டுத் தோட்டங்களில், வேறு தொழில் உடையவர்களின் கைகளிலேயே வளர்ந்தது. அவ்வரலாற்றைச் சுருங்க நோக்குவோம்.

1839-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்து தாகேர் என்பவரின் புகைப்பட முறை உலகிற்கு அறிவிக்கப்பெற்றது. வெள்ளி பூசிய செப்புத் தகட்டில் உருவம் பதியும் முறை அது. தாகேரே சந்திரனைப் படம் பிடிக்க முயன்றார். மங்கிய கறை ஒன்றே பதிந்தது. அடுத்த ஆண்டு, 1840 மார்ச்சில், நியூயார்க்கில் இரசாயனப் பேராசிரியராயிருந்த ஜான் வில்லியம் டிரேப்பர் தாம் எடுத்த சந்திரப் படத்தை அந்நகர அறிஞர் கழகம் ஒன்றின் முன் வைத்தார். படத்தின் குறுக்களவு சுமார் 1 அங்குலம். ஒளி பதிவதற்கு ஆன நேரமோ 20 நிமிடங்கள்.

இந்த 20 நிமிடங்களில்தான் இடர்ப்பாடு முழுவதும் அடங்கியுள்ளது. பூமி சுழல்வதால் சந்திரன் வானில் ஓயாது நகர்வதுபோல் தோன்றுகின்றது. இரண்டே நிமிடங்களில் தன் குறுக்களவு முழுவதும் அது நகர்ந்துவிடும். 20 நிமிடங்களிலோ அதுபோல் பத்து மடங்கு. ஆகவே, சந்திரனோடு கருவியும் இம்மியும் பிசகாது நகர்ந்தாக வேண்டும். அல்லது ஒளி பதியும் நேரம் குறைந்தாக வேண்டும். சந்திரப் படத்தின் வரலாறு இவ்விரு வழிகளின் வரலாறே எனலாம்.

அமெரிக்காவில் ஹார்வர்ட் வான ஆராய்ச்சி நிலையத்தின் 15 அங்குலத் தொலைநோக்கியைக் கொண்டு பாண்டு என்னும் வானியலாரும், விப்பிள் என்னும் புகைப்படக்காரரும் தெளிவான சந்திரப் படங்களை எடுத்தனர். அவை 1851-இல் இலண்டன் மாநகரில் நடைபெற்ற பெரும் பொருட்காட்சியில் வைக்கப்பெற்றன. இது பெரிய நிலையம் ஒன்றின் வெற்றியே, அதனை மறுப்பதற்கில்லை. ஆயின் அப்படங்களைக் கண்டு உள்ளம் கிளர்ந்தவர் ஒரு காகித வியாபாரி.

அவர் பெயர் வாரன் டி லா ரூ. கடித உறை, சீட்டுக்கட்டு, அஞ்சல் தலை முதலியவற்றைச் செய்யும் குடும்ப நிறுவனத்தை நடத்தியவர். 1855 முதல் பல பத்தாண்டுகள் இந்திய அஞ்சல் தலைகளை அச்சிட்டு அனுப்பியதும் அந்நிறுவனமே. இலண்டனின் கானன்பரிப் பகுதியிலிருந்த தம் இல்லத்தில், தாமே தேய்த்து மெருகேற்றிய 13 அங்குல உலோக ஆடியைக் கொண்டு ஒரு தொலைநோக்கியை அவர் அமைத்திருந்தார்.

அதே 1851-இல் பிரடெரிக் ஸ்காட் ஆர்ச்சர் என்னும் சிற்பி, கொலோடியன் என்னும் பசையைக் கண்ணாடித் தகட்டில் பூசிப் படமெடுக்கும் முறையை வெளியிட்டார். அதற்கு அவர் காப்புரிமை கோரவில்லை. எவரும் கையாளலாம் என உலகிற்கு வழங்கிவிட்டார். 1857-இல் வறுமையில் மாண்டார். அவர் அளித்த முறையினால்தான் சந்திரப் படத்திற்கு வேண்டிய நேரம் நிமிடங்களிலிருந்து நொடிகளாகக் குறைந்தது.

1852-ஆம் ஆண்டின் இறுதியில் டி லா ரூ தம் முயற்சியைத் தொடங்கினார். தொலைநோக்கியை நகர்த்தும் கடிகாரப் பொறி அவரிடம் அப்போது இல்லை. தகட்டை ஒரு நகரும் சட்டத்தில் பொருத்தி, அதன் பின்புறம் ஓர் உருப்பெருக்கியை வைத்தார். தகட்டின் பசையினூடே தெரியும் சந்திரப் பள்ளம் ஒன்றை உருப்பெருக்கியிலிருந்த கம்பியோடு ஒட்டியே இருக்குமாறு பார்த்துக்கொண்டு, சட்டத்தைக் கையினாலேயே நகர்த்தினார். 10 முதல் 30 நொடிகள் வரை மூச்சடக்கிச் செய்யும் வேலை அது. பின்னர் தகட்டின் ஈரம் உலருமுன் படத்தைக் கழுவியாக வேண்டும். 1857-இல் நகரப் புகையை விட்டகன்று கிரான்போர்டு என்னும் ஊரில் குடியேறிய பின்னரே கடிகாரப் பொறியுடன் மீண்டும் தொடங்கினார். 1862-இல் இங்கிலாந்தின் அரச வானியற் கழகம் அவருக்குப் பொற்பதக்கம் வழங்கியது.

அடுத்து, நியூயார்க்கில் வழக்கறிஞர் தொழிலைத் துறந்த லூயிஸ் ரூதர்பர்டு என்பவர் தம் வீட்டுத் தோட்டத்திலேயே ஆராய்ச்சிக் கூடம் அமைத்தார். கண்ணிற்குத் தெளிவாய்த் தெரியும் உருவம் தகட்டில் மங்கலாய் விழுவதேன் என்று அவர் ஆராய்ந்தார். கண் மிகுதியாய் உணரும் மஞ்சள் ஒளியும், தகடு உணரும் நீல ஊதா ஒளியும் லென்ஸில் ஒரே இடத்தில் குவிவதில்லை என்பதே காரணம். ஆகவே கண்ணிற்குப் பயன்படாவிடினும் தகட்டிற்கு ஏற்றதாகிய 11¼ அங்குல லென்ஸை உருவாக்கச் செய்து, 1865 மார்ச் 6 அன்று எடுத்த படம் உலகப் புகழ் பெற்றது. முன்னர்க் கூறிய டிரேப்பரின் மகனும் மருத்துவருமாகிய ஹென்றி டிரேப்பர், தந்தையின் தோட்டத்தில் தாமே செய்த 15½ அங்குல ஆடியைக் கொண்டு 1863-இல் 1,500-க்கு மேற்பட்ட சந்திரத் தகடுகளை எடுத்தார்.

அதன் பின்னரே பெரிய நிலையங்கள் இத்துறையில் முன்னணிக்கு வந்தன. பாரிஸ் நிலையத்தாரின் பெரிய சந்திரப் படத்தொகுதி 1896 முதல் 1910 வரை வெளிவந்தது. 1959 அக்டோபர் 7 அன்று சோவியத் நாட்டின் லூனா 3, மனிதர் எவரும் கண்டிராத சந்திரனின் மறுபுறத்தைப் படம் எடுத்தது.

டி லா ரூவும் ரூதர்பர்டும் செல்வர்கள். நாமோ மாதச் சம்பளக்காரர்கள். இவ்வேற்றுமையை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அன்று செல்வர்க்கே எட்டிய கருவிகளின் வேலையை இன்று எளிய கருவிகள் செய்கின்றன. நாலரை அங்குல ஆடியுடைய சிறு தொலைநோக்கியும் கைப்பேசிக் காமிராவும் போதும். 20 நிமிடங்கள் வேண்டியிருந்த இடத்தில் இன்று ஒரு நொடியின் நூறில் ஒரு பங்கு போதுமானது. காமிராவைப் பார்வை வில்லையின்மேல் அசையாது பொருத்தி, கை படாமல் தானே இயங்குமாறு செய்தல் நன்று. பௌர்ணமியன்று வெயில் நேராக விழுவதால் நிழல் இராது. படம் சப்பையாகவே அமையும். வளர்பிறை அஷ்டமியை அடுத்த நாள்களே ஏற்றவை. அப்போது ஒளியும் இருளும் சந்திக்கும் கோட்டின் ஓரத்தில் மலைகளும் பள்ளங்களும் நீண்ட நிழலோடு எழுந்து நிற்கும்.

இதனால் மதிப்பெண் கூடுமா என்று கேட்கலாம். உடனே கூடாது. ஆனால் பொறுமையும், கைத்திறனும், கண்டதைக் காரணத்தோடு ஆராயும் பழக்கமும் கூடும். 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரனில் இறங்கிய சந்திரயான் 3 திட்டத்தின் இயக்குநர் ப. வீரமுத்துவேல், விழுப்புரத்து இரயில்வே ஊழியர் ஒருவரின் மகன். அங்குள்ள இரயில்வே பள்ளியில் பயின்றவர். காலனிப் பிள்ளைகளுக்குச் சந்திரன் எட்டாப் பொருளன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

ஆகவே நம் சங்கத்தார் ஒன்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். வாசகசாலைக்கு ஆண்டுதோறும் நூல்கள் வாங்குகின்றோம். வரும் ஆண்டில் சிறு தொலைநோக்கி ஒன்றும் வாங்கி, அஷ்டமி தோறும் மாடியில் வைத்தால், ஒரு வீட்டால் இயலாதது எல்லா வீட்டுப் பிள்ளைகளுக்கும் கிட்டும். அவர்கள் எடுக்கும் படம் அடுத்த ஆண்டு மலரின் முகப்பை அணி செய்யட்டும்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!