ஊருக் கற்கலம்: காணிக்கையும் கணக்கும்

தென் ஈராக்கில் இன்று வார்க்கா எனப்படும் ஊருக் நகரின் ஈயன்னா கோயில் வளாகத்தில், 1933-34 அகழாய்வின்போது ஜெர்மானியர் கண்டெடுத்த அலபாஸ்டர் கலம் ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரம் உடையது. காலம் கி.மு. 3200-3000. இதன் மேற்பட்டைக் காட்சியை இனன்னா தேவிக்கும் அரசனுக்கும் நடக்கும் புனிதத் திருமணம் என்று விளக்குவது கலை வரலாற்று நூல்களில் வழக்கமாகிவிட்டது. அவ்விளக்கம் நிற்காது என்பதே இக்கட்டுரையின் வாதம். அத்திருமணச் சடங்கை விரித்துப் பாடும் பாடல் இசின் நகர அரசன் இட்டின்-தகான் காலத்தது; அதாவது கி.மு. 20ஆம் நூற்றாண்டு. ஆயிரம் ஆண்டுக்கும் மேல் பிந்திய சான்றை முந்தைய சிற்பத்துக்கு உரையாக வைப்பது முறையன்று. கலத்திலோ மணவினையைச் சுட்டும் செய்கை ஒன்றுகூட இல்லை.

கலத்தில் இருப்பதைப் பார்ப்போம். அடியில் நீரலை, அதன்மேல் பயிர்கள், அடுத்து கிடாயும் பெட்டையுமாக மாறி மாறி நடக்கும் ஆடுகள். நடுப்பட்டையில் கூடையும் சாடியும் ஏந்திய ஆண்கள், ஆடையின்றி வரிசையாக வருகிறார்கள். இவர்களிடம் சற்று நின்றாக வேண்டும். மழித்த தலை, ஒரே உடற்கட்டு, ஒரே நடை. ஒருவரை மற்றவரிடமிருந்து பிரித்துக் காட்டுவது கையிலுள்ள பாத்திரத்தின் வடிவம்தான். சிற்பியின் திறமைக் குறைவு என்று இதைத் தள்ள முடியாது. கல்லை இவ்வளவு நுட்பமாகச் செதுக்கியவனுக்கு முகங்களை வேறுபடுத்தத் தெரியாதா? ஆளைவிட ஆள் சுமந்துவரும் பொருளே சிற்பிக்கு முக்கியமாக இருந்திருக்கிறது.

மேற்பட்டையில் நீண்ட ஆடை உடுத்த பெண் காணிக்கையை ஏற்கிறாள். பின்னால் நிற்கும் இரண்டு நாணற்கட்டுக் கம்பங்கள் இனன்னாவின் குறி. தலையணிப் பகுதி உடைந்து, பழங்காலத்திலேயே ஒட்டுப் போடப்பட்டிருப்பதால், அவள் தேவியா பூசாரிணியா என்று துணிய வழியில்லை. அரசன் உருவம் பெரும்பாலும் சிதைந்துவிட்டது. கம்பங்களுக்குப் பின்னால் குவித்த பொருள்களில் இதே வடிவக் கலங்கள் இரண்டு உள்ளன. அவ்விடம் கோயிலின் சேமிப்பறை.

அதே வளாகத்தில் கிடைத்த ஆதி எழுத்துக் களிமண் பலகைகளை இத்துடன் வைத்துப் பார்க்க வேண்டும். அவற்றில் பெரும்பாலானவை வரவு செலவுக் கணக்குகள். கோடிட்டுப் பிரித்த கட்டங்கள். கட்டத்துக்குள் எண்ணும் பொருளின் குறியும். பதவிப் பெயர்ப் பட்டியல் ஒன்றும் கிடைத்துள்ளது. அது உயர்ந்த பதவியிலிருந்து தொடங்குகிறது. பொருளை வகைபிரித்து, மனிதரைத் தரம்பிரித்து, ஒவ்வொன்றையும் தனிக் கோட்டுக்குள் நிறுத்தும் இப்பழக்கமே கலத்தின் பட்டைகளிலும் தெரிகிறது. எழுத்தரும் சிற்பியும் ஒரே நிர்வாகத்தின் கீழ் இயங்கியவர்கள் என்று கொள்வது, பிற்காலப் பாடலைத் துணைக்கு அழைப்பதைவிட உறுதியான வழி.

கணக்கு என்றவுடன் பக்தியை மறுப்பதாக எண்ண வேண்டியதில்லை. ஊருக்கில் களஞ்சியம் தேவியின் உடைமை. அங்கே விளைச்சலை ஒப்படைப்பதே வழிபாடு. ஆகவே பாடநூல் எழுதுவோரும் அருங்காட்சியகக் குறிப்பு எழுதுவோரும் ‘புனிதத் திருமணம்’ என்ற தலைப்பைக் கைவிட வேண்டும். ‘காணிக்கை ஏற்பு’ என்பதற்கு மட்டுமே கலத்தில் சான்று இருக்கிறது.