ஊர் இரண்டுபட்டால்: பிரித்தானியாவின் அரசியல் விரக்தியும் கலாசாரப் போர்களும்

பிரித்தானியாவில் வாழும் எம்மவர் இருவர் ஒரு பிறந்தநாள் விழாவில் அருகருகே அமர்ந்தால், சாப்பாடு வருவதற்குள் பேச்சு அரசியலுக்கு வந்துவிடும். முன்பு அது ஊர் அரசியலாக இருந்தது. இப்போது இந்த நாட்டு அரசியலும் சேர்ந்துகொண்டது. "ஜி.பி.யைப் பார்க்க மூன்று கிழமை, கவுன்சில் வரி ஏறிக்கொண்டே போகுது, ஆர் வந்தாலும் ஒண்டுதான்" என்பார் ஒருவர். மற்றவர் கைபேசியை நீட்டி, அகதிகள் தங்கியிருக்கும் ஹோட்டல் பற்றிய ஒரு காணொளியைக் காட்டுவார். இரண்டும் ஒரே கோபம் போலத் தெரியும். ஆனால் முதலாமவர் தன் வாழ்க்கையில் நடக்காத ஒன்றைப் பற்றிப் பேசுகிறார். இரண்டாமவரிடம் யாரோ ஒருவர் தயாரித்துக் கொடுத்த கோபம் வந்து சேர்ந்திருக்கிறது. இந்த இரண்டும் எப்படி ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன என்பதையும், அதில் தமிழர்களாகிய எமது இடம் என்ன என்பதையும் இக்கட்டுரையில் பார்ப்போம்.

நம்பிக்கை கரைந்த கதை

அரசியல்வாதிகள் மீது சந்தேகம் இந்த நாட்டுக்குப் புதிதல்ல. ஆனால் 2009ஆம் ஆண்டு ஒரு திருப்புமுனை. நாடாளுமன்ற உறுப்பினர்கள் மக்கள் பணத்தில் கேட்ட செலவுகளின் விபரங்களை அவ்வாண்டு மே மாதம் டெய்லி ரெலிகிராஃப் பத்திரிகை நாள்தோறும் வெளியிட்டது. ஒருவர் தன் குளத்து வாத்துகளுக்கு மிதக்கும் கூடு வாங்கப் பணம் கேட்டிருந்தார். இன்னொருவரின் பட்டியலில் மாளிகையின் அகழியைத் துப்புரவாக்கிய செலவு இருந்தது. சபாநாயகர் மைக்கல் மார்ட்டின் பதவி விலக நேர்ந்தது. சில உறுப்பினர்கள் சிறை சென்றார்கள்.

அந்தக் காலம் சாதாரண மக்கள் 2008 நிதி நெருக்கடியின் அடியைத் தாங்கிக்கொண்டிருந்த காலம். அதன் பின்னர் வந்த கூட்டணி அரசு சிக்கன நடவடிக்கைகளைத் தொடங்கியது. பல்கலைக்கழகக் கட்டண உயர்வை எதிர்ப்போம் என்று எழுத்தில் உறுதியளித்த லிபரல் ஜனநாயகக் கட்சி, ஆட்சியில் பங்கேற்றதும் அக்கட்டணம் 9,000 பவுண் வரை உயர வழிவிட்டது. மத்திய அரசு உள்ளூராட்சி சபைகளுக்குக் கொடுத்த நிதி 2010க்கும் 2018க்கும் இடையில், உண்மைப் பெறுமதியில் ஏறக்குறையப் பாதியாகியது. நூலகங்களும் இளைஞர் நிலையங்களும் மூடப்பட்டன. எம்மவர் பலர் வாழும் குரொய்டன் சபை 2020இல் தன் கணக்கைச் சமன்செய்ய முடியாது என்று அறிவித்தது. 2023இல் பேர்மிங்ஹாம் சபையும் அதே நிலைக்கு வந்தது.

2016 யூன் 23 அன்று நடந்த பிரெக்சிற் வாக்கெடுப்பில் 51.9 வீதத்தினர் வெளியேறவும், 48.1 வீதத்தினர் தொடர்ந்திருக்கவும் வாக்களித்தனர். அதிலிருந்து 2024 வரை இந்நாடு கமரூன், மே, ஜோன்சன், ட்ரஸ், சுனக், ஸ்டார்மர் என்று ஆறு பிரதமர்களைக் கண்டது. பெருந்தொற்றுக் காலத்தில் மக்கள் தம் பெற்றோரின் இறுதிச் சடங்குக்கும் போகமுடியாமல் வீட்டில் இருந்தபோது, பிரதமர் அலுவலகத்தில் விருந்துகள் நடந்தன. பதவியில் இருந்த பிரதமரே பொலிஸாரிடம் அபராதம் பெற்றார். லிஸ் ட்ரஸ் அரசின் 2022 செப்டெம்பர் வரவு செலவுத் திட்டத்தின் பின் வீட்டுக்கடன் வட்டி ஏறியதை, அந்த மாதங்களில் மோர்ட்கேஜ் புதுப்பித்த எந்தத் தமிழ்க் குடும்பமும் மறந்திருக்காது. பணவீக்கம் அந்த ஒக்டோபரில் 11.1 வீதத்தைத் தொட்டது.

மருத்துவத்துறையும் இதே பாதையில்தான் சென்றது. இங்கிலாந்தில் வைத்தியசாலைச் சிகிச்சை 18 வாரத்துக்குள் தொடங்கவேண்டும் என்ற இலக்கு 2016இன் பின்னர் எட்டப்படவில்லை. 2024 நடுப்பகுதியில் சுமார் 76 இலட்சம் சிகிச்சைகள் காத்திருப்புப் பட்டியலில் இருந்தன. அவ்வாண்டு வெளியான பிரித்தானிய சமூக மனப்பாங்கு ஆய்வில், அரசாங்கங்கள் கட்சி நலனுக்கு மேலாக நாட்டு நலனை வைக்கும் என்று ஏறக்குறைய ஒருபோதும் நம்புவதில்லை என 45 வீதமானோர் கூறினர்.

அதே ஆண்டு யூலையில் நடந்த பொதுத்தேர்தல் இந்த மனநிலையை எண்களில் காட்டியது. பதிவுசெய்த வாக்காளர்களில் 60 வீதத்தினரே வாக்களித்தனர். தொழிற்கட்சி 33.7 வீத வாக்குகளுடன் 650 ஆசனங்களில் 411ஐப் பெற்றது. ரிஃபோர்ம் கட்சிக்கு 14.3 வீத வாக்குகள் கிடைத்தும் 5 ஆசனங்களே வந்தன. வென்றவருக்கும் பெரிய ஆதரவில்லை, தோற்றவருக்கும் உரிய பிரதிநிதித்துவமில்லை.

கலாசாரப் போர் எங்கிருந்து வந்தது

'கலாசாரப் போர்' என்ற தொடர் 1870களில் ஜெர்மனியில் பிஸ்மார்க் அரசுக்கும் கத்தோலிக்கத் திருச்சபைக்கும் இடையில் நடந்த மோதலின் பெயராக இருந்தது. 1991இல் அமெரிக்க சமூகவியலாளர் ஜேம்ஸ் டேவிசன் ஹன்டர் எழுதிய நூல், கருக்கலைப்பு, மதம், குடும்பம் போன்ற விடயங்களில் அந்நாடு இரண்டாகப் பிளந்ததைக் குறிக்க அதைப் பயன்படுத்தியது. பிரித்தானியாவில் இது பரவலானது மிக அண்மையில்தான். இந்நாட்டின் கலாசாரப் போர்கள் பற்றி 2015இல் பத்திரிகைகளில் வந்த கட்டுரைகள் 21 மட்டுமே. 2020இல் அது 534 ஆகியது என்று லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள் எண்ணிச் சொன்னார்கள்.

2020 யூனில் பிறிஸ்டலில் அடிமை வணிகர் எட்வேர்ட் கோல்ஸ்டனின் சிலை துறைமுக நீரில் தள்ளப்பட்டது. அந்தக் கோடையிலேயே, பிபிசியின் இசைவிழா நிறைவு இரவில் பழைய பேரரசுப் பாடலின் வரிகளைப் பாடுவதா, இசையை மட்டும் வாசிப்பதா என்பது பிரதமரே கருத்துச் சொல்லும் விவகாரமாகியது. 2021இல் உதைபந்தாட்ட வீரர்கள் இனவாதத்துக்கு எதிராக முழந்தாளிட்டது விவாதமானது. பின்னர் பாலின அடையாளம், 2025 கோடையில் மின்கம்பங்களில் கட்டப்பட்ட கொடிகள் என்று பட்டியல் நீண்டது.

இவற்றில் பல உண்மையான கேள்விகள். ஒரு நாடு தன் வரலாற்றை எப்படி நினைவுகூருவது என்பதும், சமத்துவச் சட்டத்தில் 'பெண்' என்ற சொல் யாரைக் குறிக்கும் என்பதும் சிந்திக்கவேண்டியவையே. பின்னையதற்கு உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் அது உயிரியல் பாலினத்தையே குறிக்கும் என்று தீர்ப்பளித்தது. பிரச்சினை, இக்கேள்விகள் எடுக்கப்படும் நேரத்திலும் விதத்திலும் இருக்கிறது.

அரசியல்வாதிக்கு இதில் என்ன இலாபம்

ஒரு வைத்தியசாலையைக் கட்டப் பணம் வேண்டும், காலம் வேண்டும், ஆட்கள் வேண்டும். கட்டி முடிப்பதற்குள் அமைச்சர் மாறிவிடுவார். ஒரு சிலையைப் பற்றியோ கொடியைப் பற்றியோ பேச ஒலிவாங்கி போதும். அடுத்த தேர்தலில் "சொன்னதைச் செய்தீர்களா?" என்று யாரும் கணக்குக் கேட்கமுடியாது. "ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம்" என்று எம் முன்னோர் சொன்னது இதைத்தான்.

அகதிகளின் ஹோட்டல் விவகாரத்தை எடுத்துப் பார்ப்போம். 2023 யூன் இறுதியில் புகலிடக் கோரிக்கைக்கு முதல் முடிவு எதிர்பார்த்து 1,75,000 பேருக்கு மேல் காத்திருந்தனர். முடிவு கிடைக்கும்வரை அவர்கள் பொதுவாக வேலை செய்யமுடியாது. ஆகவே அரசே தங்குமிடம் கொடுக்கவேண்டும். வீடுகள் இல்லாததால் ஹோட்டல்கள். அதற்கு நாளொன்றுக்கு சுமார் 80 இலட்சம் பவுண் செலவாவதாக உள்துறை அமைச்சே அப்போது சொன்னது. அடிப்படையில் இது கோப்புகள் தேங்கிய கதை. அதிகாரிகளைச் சேர்த்து முடிவுகளை விரைவாக்குவதே இதற்கு நேரான மருந்து. ஆனால் அன்றைய அரசு ருவாண்டாத் திட்டத்தை முன்னே வைத்தது. உச்ச நீதிமன்றம் 2023 நவம்பரில் அதைச் சட்டவிரோதம் என்றது. ஏறக்குறைய 70 கோடி பவுண் செலவான பின், நான்கு பேர் மட்டும், அதுவும் தாமாக விரும்பி, ருவாண்டா சென்றிருந்தார்கள் என்று அடுத்து வந்த அரசு அறிவித்தது. கோப்புகள் தேங்கியதால் எழுந்த கோபம், கோப்புகளோடு தொடர்பில்லாத ஒரு நாடகத்துக்கு எரிபொருளாகியது.

கோபத்தை ஒதுக்கித் தள்ளவும் முடியாது

இதைச் சொல்லும்போது நாம் மறுபக்கத்தையும் பார்க்கவேண்டும். கலாசாரப் போர் என்று பெயரிட்டு மக்களின் நியாயமான கேள்விகளை மூடிவிடுவதும் நடந்திருக்கிறது. ரொதரம் நகரில் 1997 முதல் 2013 வரை சுமார் 1,400 சிறுவர்கள் பாலியல் சுரண்டலுக்கு உள்ளானதாக 2014இன் விசாரணை அறிக்கை மதிப்பிட்டது. இனவாதி என்ற பெயர் வந்துவிடுமோ என்ற பயமும் அதிகாரிகளின் மௌனத்துக்கு ஒரு காரணமாக இருந்தது. 2025இல் லூயிஸ் கேசி அளித்த அறிக்கையும், குற்றவாளிகளின் இனம் பற்றிய தரவுகளைத் திரட்டாமல் நிறுவனங்கள் ஒதுங்கியதைக் கண்டித்தது. கேட்கவேண்டியவர்கள் கேட்காதபோது, அந்தக் கேள்வி மிக மோசமானவர்களின் கைக்குப் போய்விடுகிறது.

குடிவரவும் அப்படித்தான். நிகர குடிவரவைப் பல்லாயிரங்களுக்குக் குறைப்போம் என்று டேவிட் கமரூன் 2010இல் வாக்களித்தார். 2023இல் அது ஒன்பது இலட்சத்தைத் தாண்டியது. பராமரிப்பு வேலைக்கு ஆள் போதாது, பல்கலைக்கழகங்களுக்கு வெளிநாட்டு மாணவர் கட்டணம் தேவை என்ற காரணங்களால் கதவைத் திறந்ததும் அதே கட்சியின் அரசுதான். ஒன்றைச் சொல்லி மற்றொன்றைச் செய்தவர்கள் மீது வாக்காளர் கோபப்பட்டதில் வியப்பில்லை. ஆனால் அந்தக் கோபம் சொன்னவர்களைவிட, சட்டப்படி விசா பெற்று வந்தவர்களையே முதலில் தாக்குகிறது.

நாமும் தலைப்புச் செய்தியாக இருந்தோம்

1987 பெப்ரவரியில் திருப்பி அனுப்பப்படவிருந்த ஐம்பதுக்கும் மேற்பட்ட தமிழர்கள், ஹீத்ரோ விமான நிலையத்தில் ஆடைகளைக் களைந்து உள்ளாடையுடன் நின்று எதிர்ப்புத் தெரிவித்தார்கள். உரிய ஆவணமில்லாத பயணியை ஏற்றிவரும் விமான நிறுவனத்துக்குத் தலைக்கு 1,000 பவுண் அபராதம் என்ற சட்டம் அவ்வாண்டே வந்தது. பெரும்பாலும் தமிழர்களான புகலிடக் கோரிக்கையாளர்கள் ஹார்விச் துறைமுகத்தில் 'ஏர்ள் வில்லியம்' என்ற பழைய பயணிகள் கப்பலில் தடுத்துவைக்கப்பட்டனர். ஒக்டோபர் 16ஆம் திகதிப் பெரும்புயலில் அந்தக் கப்பல் கட்டறுந்து தரைதட்டியது. அத்தோடு அந்த ஏற்பாடு முடிவுக்கு வந்தது.

2023இல் போர்ட்லண்ட் துறைமுகத்தில் 'பிபி ஸ்டொக்ஹோம்' என்ற மிதக்கும் குடியிருப்பில் வேறு நாட்டு அகதிகள் ஏற்றப்பட்டதும், சில நாட்களிலேயே தண்ணீரில் லெஜியோனெல்லா கிருமி இருந்ததால் இறக்கப்பட்டதும் செய்தியானபோது, எம் மூத்தோர் சிலருக்கு ஹார்விச் நினைவுக்கு வந்திருக்கும். ஆனால் எமது வாட்ஸ்அப் குழுக்களில் "இவங்களை எல்லாம் திருப்பி அனுப்பவேணும்" என்ற பதிவுகளையும் நாம் பார்த்தோம். 'நாங்கள் உண்மையான அகதிகள், இவர்கள் அப்படியல்ல' என்ற வாதமும் வந்தது. 1987இல் எம்மைப் பற்றி இங்குள்ள பத்திரிகைகளும் அமைச்சர்களும் சொன்னதும் இதுவேதான்.

2024 யூலை 29 அன்று சவுத்போர்ட்டில் மூன்று சிறுமிகள் கொல்லப்பட்டனர். கொலையாளி படகில் வந்த அகதி என்ற பொய் இணையத்தில் பரவியது. அவர் கார்டிவ் நகரில் பிறந்தவர். அதற்குள் ரொதரம் அருகிலும் டாம்வொர்த்திலும் அகதிகள் தங்கிய ஹோட்டல்கள் தாக்கப்பட்டன. அந்த வாரம் கடைகளை நேரத்தோடு பூட்டிய எம்மவரிடம், "நீ எப்போது வந்தாய், என்ன விசா?" என்று கேட்டு எந்தக் கும்பலும் வித்தியாசம் பார்க்கப் போவதில்லை.

இப்போது இது சட்டமாகவும் வருகிறது. வெளிநாடுகளில் இருந்து பராமரிப்புப் பணியாளரைச் சேர்க்கும் விசா வழி 2025 யூலையில் மூடப்பட்டது. நிரந்தர வதிவிடத்துக்கான பொதுவான காத்திருப்பை 5 ஆண்டிலிருந்து 10 ஆண்டாக்கும் திட்டத்தையும் தொழிற்கட்சி அரசு அவ்வாண்டு முன்வைத்தது. யாழ்ப்பாணத்தில் காணியை ஈடுவைத்து இந்த விசாவில் வந்து, இங்குள்ள முதியவர்களைக் குளிப்பாட்டி உணவூட்டும் எம் பிள்ளைகளின் வாழ்க்கைத் திட்டம் இதில் தொங்குகிறது.

தபாலகம் சொன்ன பாடம்

கோபம் சரியான இடத்தில் விழுந்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஒரு உதாரணம் உண்டு. ஹொறைசன் கணினிப் பிழையால் 1999 முதல் 2015 வரை 900க்கும் மேற்பட்ட உப தபால் அதிபர்கள் களவு, பொய்க்கணக்கு என்று தண்டிக்கப்பட்டனர். தெற்காசியர் பலரும் அவர்களில் இருந்தனர். அவர்கள் ஆண்டுக்கணக்கில் கூட்டம் கூடி, ஆவணம் சேர்த்து, 2019இல் மேல் நீதிமன்றில் வென்றார்கள். 2024 ஜனவரியில் வந்த தொலைக்காட்சி நாடகத்தின் பின் நாடே கொதித்தது. மே மாதத்தில் தண்டனைகளை நீக்கும் சட்டம் நிறைவேறியது. பிரெக்சிற்றை ஆதரித்தவரும் எதிர்த்தவரும் அதில் ஒரே பக்கம் நின்றார்கள். என்ன பிழை, யார் பொறுப்பு, என்ன பரிகாரம் என்பது அங்கு தெளிவாக இருந்தது.

நாம் செய்யக்கூடியது

எந்தக் கட்சியின் துண்டுப்பிரசுரம் கதவு வழியாக வந்தாலும் அந்த மூன்றையும் நாம் கேட்கலாம். இது யாருடைய பொறுப்பு? இதற்குப் பணம் எங்கிருந்து வரும்? எப்போது முடியும்? குப்பையும் முதியோர் பராமரிப்பும் உள்ளூராட்சி சபையின் வேலை. விசாவும் வைத்தியசாலை நிதியும் வெஸ்ட்மின்ஸ்டரின் வேலை. ஒருவர் செய்யவேண்டியதை மற்றவரிடம் கேட்டால் இருவருமே தப்பிவிடுவார்கள்.

பலருக்குத் தெரியாத ஒன்றையும் இங்கு சொல்லவேண்டும். வாக்களிக்கப் பிரித்தானியக் குடியுரிமை கட்டாயமில்லை. இந்நாட்டில் தங்க அனுமதி பெற்று வாழும் இலங்கை, இந்தியக் குடிமக்கள், பொதுநலவாய நாட்டவர் என்ற முறையில், பொதுத்தேர்தல் உட்பட எல்லாத் தேர்தலிலும் வாக்களிக்கலாம். மாணவரும் பராமரிப்புப் பணியாளரும் இதில் அடங்குவர். முன்கூட்டியே பதிவுசெய்திருக்க வேண்டும். இங்கிலாந்தில் வாக்குச்சாவடிக்குப் படமுள்ள அடையாள ஆவணம் தேவை. இலங்கை, இந்தியக் கடவுச்சீட்டுகளும் ஏற்கப்படும். எதுவும் இல்லாதவர் இலவச வாக்காளர் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம்.

நாடாளுமன்ற உறுப்பினர்களும் சபை உறுப்பினர்களும் தம் தொகுதி மக்களை நேரில் சந்திக்கும் நாட்கள் உண்டு. வதிவிட விதி மாற்றத்தால் பாதிக்கப்படும் பத்துப் பேர் தம் கடிதங்களோடு ஒரு சனிக்கிழமை அங்கு போய் நின்றால், அது ஆயிரம் பகிர்வுகளைவிடக் கனமானது. அடுத்த முறை பிறந்தநாள் விழாவில் கைபேசி நீட்டப்படும்போது, அந்தக் காணொளியைப் பார்த்து முடித்துவிட்டு, "உங்கட தொகுதி எம்.பி. ஆர்? அவரிட்ட எப்ப போவம்?" என்று கேட்டுப் பார்ப்போம்.