ஒளிக்காகவே பிறந்த எக்ஸ்ரே ஃபிலிம்

எட்டுக்குப் பத்து அங்குல லார்ஜ் ஃபார்மட் கேமராவில் எக்ஸ்ரே ஃபிலிமைப் போட்டுப் படமெடுப்பதைக் காசு மிச்சம் பிடிக்கும் வேலை என்றே பலர் பேசுகிறார்கள். மலிவு என்பது உண்மைதான். ஆனால் அந்த ஃபிலிம் கேமராவுக்கு அந்நியமானது என்ற எண்ணத்துக்கு வரலாற்றில் இடமில்லை. 1895 டிசம்பரில், எக்ஸ் கதிரைக் கண்டறிந்த ரான்ட்ஜன் தன் மனைவியின் கையைப் பதிவு செய்தது புகைப்படக்காரர்கள் பயன்படுத்திய கண்ணாடித் தகட்டில். எக்ஸ் கதிரில் பெரும்பகுதி தகட்டை ஊடுருவிப் போய்விடும். அதனால் நெடுநேரம் அசையாமல் இருக்க வேண்டியிருந்தது. 1896-இல் நியூயார்க்கில் மைக்கேல் புபின் ஒளிரும் திரையொன்றைத் தகட்டோடு சேர்த்து வைத்து அந்த நேரத்தை வெகுவாகக் குறைத்தார். இந்த முறையில் நடப்பது இதுதான்: கதிர் திரையில் படும், திரை ஒளிரும், அந்த ஒளி ஃபிலிமில் பதியும். கதிர் நேரடியாகப் பதிப்பது சிறு பங்கே. ஆக, எக்ஸ்ரே ஃபிலிம் வெளிச்சத்தைப் பார்க்கவே செய்யப்பட்டது. ஊட்டியின் இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் புகைப்பட ஃபிலிமையும் எக்ஸ்ரே ஃபிலிமையும் சேர்த்தே தயாரித்ததில் வியப்பில்லை.

அது சிவப்பைப் பார்க்காதே என்பார்கள். பார்க்காதுதான். கால்சியம் டங்ஸ்டேட் திரையின் நீல ஒளிக்காகச் செய்தது நீலத்தை மட்டும் காணும். 1970-களில் பரவிய புதிய திரைகளுக்கானது பச்சையையும் காணும். ஆனால் 1873-இல் ஹெர்மன் ஃபோகல் சாயம் சேர்த்துப் பச்சையை உணரவைக்கும்வரை எல்லாத் தகடுகளுக்கும் நீலத்தை மட்டும் காணும் இதே கண்தான். பழைய படங்களில் வானம் வெளுத்தும் உதடு கறுத்தும் இருப்பது அதனால். அவற்றை அழகென்று போற்றிவிட்டு இதை மட்டும் ஊனம் என்பது நியாயமில்லை. சிவப்பு விளக்கடியில், டிரேயில் படம் எழுவதைப் பார்த்தபடியே டெவலப் செய்யும் வசதியும் இதனால் கிடைக்கிறது. கான்ட்ராஸ்ட் கூடுதல் என்ற புகாரில் பாதிப் பழி டெவலப்பருக்கு உரியது. டெவலப் செய்யும் நேரம் நீள நீள கான்ட்ராஸ்ட் ஏறும் என்பதை ஹர்ட்டரும் டிரிஃபீல்டும் 1890-லேயே அளந்து காட்டிவிட்டார்கள். டெவலப்பரை நீர்க்கக் கலந்து, நேரத்தைக் கட்டுப்படுத்தினால் வழிக்கு வரும்.

இரட்டைப் பூச்சுதான் கனமான மறுப்பு. முதல் உலகப் போரில் பெல்ஜியக் கண்ணாடி வரத்து நின்று தகடுகளுக்குத் தட்டுப்பாடு வந்தது; 1918-இல் கோடக் நிறுவனம் இரு பக்கமும் ஒளியுணர் பூச்சு பூசிய ஃபிலிமைக் கொண்டுவந்தது. இரண்டு திரைகளுக்கு நடுவே அதை வைத்தால் நோயாளிக்குப் படும் கதிர் குறையும். கேமராவிலோ லென்ஸின் ஒளி முன்பூச்சைக் கடந்து பின்பூச்சிலும் சற்று மங்கலாக விழுகிறது. அந்த மென்மையான பூச்சு டிரேயின் அடியில் உரசிக் கீறிக்கொள்வதும் உண்டு. அதற்காகவே டிரேக்குள் வழவழப்பான கண்ணாடியைப் போட்டு வைக்கிறார்கள். பெரிதாக்கினால் மங்கல் தெரியும், மறுக்க முடியாது. ஆனால் இவ்வளவு பெரிய நெகட்டிவைக் காகிதத்தோடு ஒட்டவைத்து அதே அளவில் அச்சிடும்போது அது கண்ணில் படுவது அரிது. மார்பகப் பரிசோதனையில் நுண்ணிய சுண்ணாம்புத் துகள்களைக் காண வேண்டியிருந்ததால், மேமோகிராம் ஃபிலிமில் மருத்துவத் துறையே ஒற்றைப் பூச்சுக்குத் திரும்பியது. அந்த ஃபிலிமைக் கேமராவில் போடுபவரிடம் இந்த மறுப்பும் செல்லாது.