எக்கோ நிவாஸ் சம்ஹிதா

எக்கோ நிவாஸ் சம்ஹிதா, இந்தியக் குடியிருப்புக் கட்டடங்களுக்கான எரிசக்திச் சேமிப்பு விதித்தொகுப்பு. எரிசக்தித் திறன் பணியகம் உருவாக்கிய இதன் முதற்பகுதி 2018 டிசம்பரில் வெளியானது. பெரிய வணிகக் கட்டடங்களுக்கு 2007இலேயே தனி விதிகள் வந்துவிட்டன. வீடுகள் பதினோரு ஆண்டு காத்திருந்தன. மின்சாரத்தை மிச்சப்படுத்தவே எழுதப்பட்டாலும், வீட்டுக்குள் இருப்பவர் உணரும் புழுக்கத்தையும் வெளிச்சத்தையும் காற்றையும் தீர்மானிப்பவை இதன் எண்களே.

குளிர்ப் பகுதிகள் நீங்கலாக மற்ற இடங்களில், சுவர், சன்னல் வழியே உள்ளே வரும் வெப்பம் சராசரியாகச் சதுர மீட்டருக்கு 15 வாட்டைத் தாண்டக் கூடாது. கண்ணாடியைக் குறைப்பதும் சன்னலுக்கு மேல் நிழல் தரும் சஜ்ஜா வைப்பதும் இதற்கு எளிய வழிகள். ஏஏசி எனப்படும் காற்றூட்டிய இலகு கான்கிரீட் பிளாக் சுவர், சூளைச் செங்கல் சுவர் கடத்துவதில் பாதிக்கும் குறைவான வெப்பத்தையே கடத்தும்.

கூரைக்குத் தனிக் கணக்கு. வெளிக்கும் உள்ளுக்கும் இடையே ஒரு டிகிரி வேறுபாட்டுக்குச் சதுர மீட்டர் ஒன்றில் 1.2 வாட்டுக்கு மேல் கடக்கக் கூடாது. வெறும் கான்கிரீட் தளத்தில் இது 3 வாட்டுக்கும் மேல். மாடியில் குடியிருப்பவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பகலெல்லாம் வெயில் குடித்த தளம், பொழுது சாய்ந்த பிறகு அந்தச் சூட்டைக் கீழே இறக்குகிறது. மின்விசிறி சுழன்றும் தணியாத வெக்கை அறைக் காற்றுடையது மட்டுமல்ல. தலைக்கு மேலிருக்கும் தளத்தின் கதிர்வீச்சும் அதில் உண்டு. செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, மேலே தட்டோடு பதிக்கும் தமிழ்நாட்டு வழக்கம், இந்தச் சூட்டைத் தடுக்கும் அறிவின் பழைய வடிவம்.

வெப்பத்தைத் தடுக்க வீட்டை இறுக மூடினால் வேறு தொல்லை வரும். 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பின் அமெரிக்க அலுவலகங்களில் வெளிக்காற்றின் அளவைக் குறைத்தார்கள். தலைவலி, கண் எரிச்சல், சோர்வு என்று ஊழியர்கள் முறையிட, 1989இல் அங்குள்ள காற்றோட்டத் தரம் ஒருவருக்கான குறைந்தபட்ச அளவை மூன்று மடங்காக உயர்த்தியது. இந்திய விதி அந்தப் பள்ளத்தில் விழவில்லை. சென்னை போன்ற வெப்ப ஈரப்பத நிலப்பகுதியில், திறக்கக்கூடிய சன்னல், கதவுகளின் பரப்பு தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்காவது இருக்க வேண்டும் என்கிறது. நகரும் கண்ணாடிச் சன்னலில் பாதிதான் திறக்கும் என்பதையும் கணக்கில் எடுப்பது நல்ல செய்தி.

எவ்வளவு சூடு தாங்கலாம் என்பதற்கு அகமதாபாத்தின் செப்ட் பல்கலைக்கழகத்தினர் 2014இல் ஒரு விடை தந்தார்கள். சென்னை, பெங்களூரு, டெல்லி, சிம்லா, அகமதாபாத் அலுவலகங்களில் ஆய்ந்து அவர்கள் வகுத்த சூத்திரப்படி, வெளிச் சராசரி 30 டிகிரியாக இருக்கும்போது, சன்னல் திறந்த கட்டடத்தில் 29 டிகிரியே இதமானது. குளிர்சாதனத்தை 22இல் வைப்பது பழக்கமே தவிர, உடலின் தேவை அல்ல.

கொல்லைப்புறம் வரை சாலைப்புகை வந்துவிட்ட நகரத்தில் திறந்த சன்னல் தூசியையும் அழைத்து வரும். அதற்கு முதற்பகுதியில் மருந்து இல்லை. இன்னொரு குறையும் உண்டு: 500 சதுர மீட்டருக்குக் குறைந்த மனைகளில் எழும் கட்டடங்களுக்கு 2018இன் முதற்பகுதி பொருந்தாது. நம் ஊர்த் தனிவீடுகளில் பெரும்பாலானவை அந்த வரம்புக்குக் கீழேதான் வருகின்றன.