செம்பு நாடா சுற்றிய கைகள்

வண்ணக் கண்ணாடித் துண்டுகளை இணைத்து மெழுகுவர்த்தித் தாங்கி செய்யும் பொழுதுபோக்குக்காரர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். தங்கள் வேலைமுறையை அவர்கள் ‘டிஃபனி முறை’ என்பார்கள். நானும் இரண்டு வருடங்களாக அந்தக் கூட்டத்தில் ஒருவன். வேலைநாட்களில் மின்சுற்றுப் பலகை, ஞாயிற்றுக்கிழமைகளில் கண்ணாடி. இரண்டிலும் சால்டர்தான், கண்ணாடிக்கு அயன் மட்டும் கொஞ்சம் பெரிசு.

முறை எளிமையானது. கண்ணாடியின் மேல் வெட்டுச் சக்கரத்தால் ஒரு கோடு கீற வேண்டும். பிறகு கோட்டின் இரு பக்கமும் பிடித்து மெதுவாக மடக்கினால் ‘டக்’ என்று பிரிந்துவிடும். ஓரங்களைத் தேய்த்துச் சமப்படுத்தி, ஒவ்வொரு துண்டின் விளிம்பிலும் மெல்லிய செம்பு நாடாவைச் சுற்றுவோம். சால்டர் கண்ணாடியில் ஒட்டாது, செம்பில் ஒட்டும். முறையின் ரகசியம் அவ்வளவுதான். 60 பங்கு வெள்ளீயமும் 40 பங்கு காரீயமும் கலந்த சால்டர் ஏறத்தாழ 190 பாகை செல்சியஸில் முழுதும் உருகி செம்பின் மீது ஓடும். அது இறுகியதும் தனித்தனித் துண்டுகள் ஒரே சுவராகிவிடும். நான்கு சுவர்களைச் சேர்த்தால் நடுவில் மெழுகுவர்த்தி வைக்க ஒரு கூடு கிடைக்கும். தீ கண்ணாடிக்கு மிக அருகில் இருந்தால் விரிசல் விழும் என்பதால் இடைவெளி மட்டும் கணக்குப் பார்த்து விடவேண்டும்.

இந்த முறைக்கு ஏன் ஒரு பணக்காரரின் பெயர் வந்தது என்று தேடப்போனதில்தான் இந்தக் கட்டுரை வந்தது.

வண்ணக் கண்ணாடி ஐரோப்பாவின் பழைய கலை. 12ஆம் நூற்றாண்டில் தியோஃபிலஸ் என்ற துறவி அதன் செய்முறையைப் படிப்படியாக எழுதிவைத்திருக்கிறார். வெள்ளை பூசிய பலகையில் சன்னலின் படத்தை வரைவது, பழுக்கக் காய்ச்சிய இரும்பால் கண்ணாடியைப் பிளப்பது, ஓரத்தைக் கொறித்துக் கொறித்து வடிவத்துக்குக் கொண்டுவருவது எல்லாம் அதில் உண்டு. துண்டுகளை இணைக்க அவர்கள் பயன்படுத்தியது காரீயச் சட்டம். வெட்டிப் பார்த்தால் அது ஆங்கில ‘எச்’ எழுத்தைப் போல இருக்கும், இரு பக்கப் பள்ளத்திலும் கண்ணாடி உட்கார்ந்துகொள்ளும். தேவாலயத்தின் உயரமான சன்னலுக்கு இது கச்சிதம். ஆனால் உள்ளங்கையில் அடங்கும் ஒரு தாங்கிக்கோ வளைந்த விளக்குக் கூண்டுக்கோ இந்தச் சட்டம் தடிமன். நகத்தளவு கண்ணாடித் துண்டை அது பாதி விழுங்கிவிடும்.

செம்பு நாடா தீர்த்துவைத்தது இந்தச் சிக்கலைத்தான். 1886இல் பாஸ்டனைச் சேர்ந்த சான்ஃபோர்ட் பிரே செம்பைக் கொண்டு கண்ணாடியை இணைக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். ஆக, முறையே டிஃபனியின் கண்டுபிடிப்பு என்று சொல்ல முடியாது. அதை ஒரு கலையின் அளவுக்குக் கொண்டுபோனது அவருடைய நிறுவனம்.

லூயிஸ் கம்ஃபர்ட் டிஃபனி (1848–1933) நியூயார்க்கின் புகழ்பெற்ற நகைக்கடைக் குடும்பத்தின் வாரிசு. அப்பாவின் வியாபாரத்தில் ஒதுங்கி ஓவியராகத் தொடங்கி, பிறகு கண்ணாடிக்கு வந்தவர். பால் கலந்ததுபோல் மங்கி, ஒரே தகட்டுக்குள் பல நிறங்கள் குழம்பி ஓடும் ‘ஓபலசன்ட்’ கண்ணாடியில் அவருக்குப் பித்து. அதே கண்ணாடியில் ஜான் லா ஃபார்ஜ் என்ற ஓவியர் 1880இல் காப்புரிமை வாங்கினார், டிஃபனி 1881இல் வாங்கினார். இருவருக்கும் நடந்த சண்டை தனிக்கதை.

இந்தக் கண்ணாடி வந்தபிறகு வேலையின் இயல்பு மாறியது. பழைய சன்னல்களில் முகத்தையும் துணி மடிப்பையும் கண்ணாடியின் மேல் தூரிகையால் வரைவார்கள். ஓபலசன்ட்டில் பெரும்பாலும் அது தேவையில்லை. இலையின் நரம்பும் இதழின் நிழலும் தகட்டுக்குள்ளேயே எங்கோ இருக்கும். பெரிய தகட்டை வெளிச்சத்தில் பிடித்து, எந்த மூலையில் அந்த இலை ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடித்து, அந்த இடத்தை மட்டும் வெட்ட வேண்டும். அதாவது தேர்ந்தெடுப்பதே வரைவது. ஒரே வரைபடத்தை இரண்டு பேரிடம் கொடுத்தால் இரண்டு விளக்குகள் வரும்.

டிஃபனி நிறுவனத்தில் அப்படித் தேர்ந்தெடுத்தவர்கள் யார்?

1892இல் நியூயார்க்கின் கண்ணாடி வெட்டுநர்கள், காரீயச் சட்டக்காரர்கள் சங்கம் வேலைநிறுத்தம் செய்தது. அடுத்த வருடம் சிக்காகோவில் உலகக் கண்காட்சி. அதற்காக ஒரு தேவாலயத்தின் உட்புறத்தையே டிஃபனி தயாரித்துக்கொண்டிருந்தார். சங்கத்தில் பெண்களுக்கு இடமில்லை, ஆகவே வேலைநிறுத்தமும் பெண்களைக் கட்டுப்படுத்தாது. அவர் பெண்களை எடுத்தார். பெண்கள் கண்ணாடி வெட்டும் பிரிவு உருவானது இப்படித்தான். இதை வெறும் முற்போக்குச் செயலாகவும் வாசிக்கக்கூடாது, வெறும் தந்திரமாகவும் வாசிக்கக்கூடாது. இரண்டும் ஒரே முடிவில் கலந்திருந்தன.

அந்தப் பிரிவின் தலைவி கிளாரா டிரிஸ்கோல். 1861இல் ஓஹாயோவின் டால்மட்ஜில் பிறந்தவர். கிளீவ்லாந்தில் பெண்களுக்கான வடிவமைப்புப் பள்ளியில் படித்துவிட்டு 1888இல் நியூயார்க் வந்து டிஃபனியிடம் சேர்ந்தார். 1889இல் கல்யாணம், வேலை போனது. மணமான பெண்களுக்கு அங்கே இடம் கிடையாது. 1892இல் கணவர் இறந்ததும் திரும்பி வந்தார்.

கிளாராவின் பிரிவில் பெண்கள் கண்ணாடியைத் தேர்ந்தார்கள், வெட்டினார்கள், செம்பு சுற்றினார்கள். இன்று நாங்கள் வாங்கும் நாடாவில் பசை தயாராக இருக்கிறது, தாளை உரித்து ஒட்டினால் போதும். அவர்கள் செம்புத் தகட்டை நறுக்கித் தேன்மெழுகு பூசி ஒட்டினார்கள். தட்டாரப்பூச்சி விளக்கு, விஸ்டீரியா பூக்கொடி விளக்கு என்று இன்று ‘டிஃபனி விளக்கு’ என்றதும் நினைவுக்கு வருபவற்றில் பல கிளாரா வடிவமைத்தவை. விஸ்டீரியா கூண்டில் மட்டும் 2000 துண்டுகளுக்கு நெருக்கமாகக் கண்ணாடி இருக்கிறது. எட்டு துண்டில் ஒரு தாங்கியை முடிப்பதற்குள் விரல் காயம் படுகிற எனக்கு அந்த எண்ணின் அர்த்தம் புரியும்.

தட்டாரப்பூச்சி விளக்கு 1900 பாரிஸ் கண்காட்சியில் பரிசு பெற்றது. 1904இல் ஒரு நியூயார்க் நாளிதழ், ஆண்டுக்கு 10,000 டாலருக்கு மேல் சம்பாதிக்கும் பெண்களைப் பற்றி எழுதியபோது கிளாராவின் பெயரையும் சேர்த்தது. ஆக, அந்தப் பெயர் அன்றைக்கு ரகசியம் அல்ல, அச்சில் வந்த பெயர்.

இதற்கிடையே 1903இல் ஆண்கள் சங்கம் மறுபடி மிரட்டியது. சன்னல் வேலையைப் பெண்கள் செய்யக்கூடாது என்பது அவர்கள் கோரிக்கை. சமரசமாகப் பெண்கள் பிரிவின் எண்ணிக்கைக்கு 27 என்று வரம்பு போட்டார்கள். பிரிவு தப்பியது, ஆனால் வளரவில்லை. 1909இல் கிளாரா மறுபடியும் மணந்துகொண்டார். அதே விதி, அதே வாசல். அத்துடன் டிஃபனி வேலை முடிந்தது. 1944இல் இறந்தார். அங்கேயே சன்னல்களை வடிவமைத்த ஆக்னஸ் நார்த்ராப் பல பத்தாண்டுகள் நிலைத்தார். அவர் மணம் செய்துகொள்ளவில்லை.

பிறகு எல்லாமே மறக்கப்பட்டது. ரசனை மாறியது, 1932இல் நிறுவனம் திவாலானது. 1935இல் எகன் நியூஸ்டாட் என்ற மருத்துவரும் அவர் மனைவியும் ஒரு பழைய சாமான் கடையில் டிஃபனி விளக்கொன்றை 12.50 டாலருக்கு வாங்கினார்கள். 1958இல் நியூயார்க்கில் டிஃபனிக்கு ஒரு பெரிய கண்காட்சி நடந்து மதிப்பு திரும்பத் தொடங்கியது. 1997இல் ஒரு தாமரை விளக்கு 28 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. விளக்கு திரும்பி வந்தது, டிஃபனி திரும்பி வந்தார், கிளாரா வரவில்லை. காரணம் எளிது. விளக்கின் அடியில் முத்திரை இருந்தது, அதில் நிறுவனத்தின் பெயர் மட்டும் இருந்தது. நாளிதழ் மக்கிப்போகும், வெண்கலம் மக்காது.

கிளாரா தன் அம்மாவுக்கும் சகோதரிகளுக்கும் நீளநீளமாகக் கடிதம் எழுதுபவர். ஒருவர் படித்து அடுத்தவருக்கு அனுப்பும் சுற்றுக் கடிதங்கள் அவை. அன்றைய வடிவம், கணக்குப் பிரிவோடு செலவைப் பற்றிய இழுபறி, தங்கும் விடுதி, சைக்கிள் சவாரி எல்லாம் அதில் இருக்கும். அந்தக் கடிதங்கள் ஓஹாயோவின் கெண்ட் மாநிலப் பல்கலைக்கழக நூலகத்திலும் நியூயார்க்கின் குவீன்ஸ் வரலாற்றுச் சங்கத்திலும் இரு பகுதிகளாகக் கிடந்தன. 2005 வாக்கில் மார்ட்டின் ஐடல்பெர்க், நீனா கிரே என்ற இரு ஆய்வாளர்கள் அவற்றை விளக்குகளோடு பொருத்திப் பார்த்தார்கள். 2007இல் நியூயார்க் வரலாற்றுச் சங்கம் அதைக் கண்காட்சியாகவும் நூலாகவும் கொண்டுவந்தது. கிளாரா வெளியேறி ஏறத்தாழ நூறு வருடம் கழித்து.

இதைக் கேட்டதும் ‘திருடிவிட்டார்’ என்று சொல்லத் தோன்றும். எனக்கு அது அவசரத் தீர்ப்பாகப் படுகிறது. கடிதங்களிலேயே டிஃபனியின் மேல் கிளாராவுக்கு மரியாதை இருக்கிறது. செலவைக் குறைக்கச் சொன்ன மேலாளர்களிடமிருந்து கிளாராவின் வடிவங்களைக் காப்பாற்றியவரும் அவர்தான். ஒவ்வொரு வடிவமும் அவர் கண்ணைத் தாண்டித்தான் வெளியே போனது.

எங்கள் துறையில் ஒவ்வொரு வரைபடத்தின் வலதுகீழ் மூலையிலும் சில பெட்டிகள் இருக்கும்: வரைந்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல் தந்தவர். புதிதாக வேலைக்குச் சேர்ந்த பையன் வரைந்திருந்தாலும் அவன் கையெழுத்து அங்கே இருக்கும். ஒப்புதல் தருவதும் வேலைதான், அதை நான் சின்னதாக்கவில்லை. டிஃபனி விளக்கின் முத்திரையில் இருப்பது கடைசிப் பெட்டி மட்டும். மற்ற பெட்டிகளே இல்லை என்பதுதான் பிரச்சினை. தனிமனிதரின் பேராசையை மன்னிக்கலாம், தண்டிக்கலாம். பெட்டியே இல்லாத படிவத்தை என்ன செய்வது?

இது எனக்கு நியூயார்க்கோடு முடியவில்லை. மலேசியாவின் முதல் தடையற்ற வணிக மண்டலம் 1972இல் பினாங்கின் பாயான் லெப்பாஸில் தொடங்கியது. ஆயிரக்கணக்கான இளம்பெண்கள் கம்பங்களிலிருந்தும் தோட்டங்களிலிருந்தும் அங்கே வேலைக்குப் போனார்கள். என் அம்மா அவர்களில் பின்னால் வந்த ஒருவர், பதினோரு வருடம் பலகைகளில் சால்டர் வைத்தவர். எனக்கு அயன் பிடிக்கக் கற்றுக்கொடுத்தது பல்கலைக்கழகம் இல்லை, அம்மாதான். “சூட்ட பலகைக்குக் குடுப்பா, ஈயத்துக்குக் குடுக்காத” என்பார். கண்ணாடித் தாங்கியிலும் அந்த விதிதான். அம்மா கிளாரா இல்லை, வடிவமைத்தவர் இல்லை, தெரியும். ஆனால் அந்தப் பலகைகளில் யாருக்கும் பெட்டி கிடையாது என்பதும் தெரியும்.

கிளாராவின் பெயர் திரும்பியதை நீதி வென்ற கதையாகச் சொல்லி முடிக்கலாம். எனக்கு அப்படி முடிக்க மனம் வரவில்லை. எழுதும் பழக்கமும், கடிதத்தைக் கிழித்துப்போடாத குடும்பமும், அதை வாங்கி வைக்க இரண்டு நிறுவனங்களும் கிளாராவுக்கு வாய்த்தன. அவர் எழுதியதால் ஆலிஸ் கூவி போன்ற சில தோழிகளின் பெயரும் நமக்குக் கிடைத்தது. அதே மேசைகளில் அமர்ந்து தகட்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பி இலையைத் தேடிய மற்றப் பெண்களில் எத்தனை பேரின் வீட்டில் கடிதப் பெட்டி இருந்திருக்கும்? அருங்காட்சியகத்தில் ஒரு விளக்கின் முன் நிற்பவர் பார்ப்பது அவர்களின் தேர்வைத்தான். இந்த இதழுக்கு இந்த நீலம் என்று முடிவெடுத்தது ஒருத்தி. எந்த ஒருத்தி என்று அந்த விளக்கு சொல்லாது.