நான்கு விரல்கள் இரண்டாகப் பிரிந்த கதை

பாஸ்டன் நகரத்தின் வெஸ்ட் எண்ட் பகுதி, வேறு வேறு நாடுகளிலிருந்து பிழைக்க வந்தவர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த இடம். உக்ரைனிலிருந்து வந்த யூதரான மாக்ஸ் நிமோயும் அங்கேதான் குடியிருந்தார். தொழில், முடிதிருத்துவது. 1931ல் பிறந்த அவருடைய இளைய மகன் லியோனார்டு எட்டு வயதில், ஒரு பண்டிகை நாளில் தாத்தா, அப்பா, அண்ணனோடு ஜெப ஆலயத்துக்குப் போனான். வழிபாட்டின் நடுவே ஆசாரியர் பரம்பரையைச் சேர்ந்த சிலர் எழுந்து முன்னால் வந்தார்கள். சால்வையைத் தலைக்கு மேல் இழுத்து மூடிக்கொண்டு, உடல் அசைய, உரத்த குரலில் ஆசி கூறத் தொடங்கினார்கள். கூடியிருந்தவர்கள் அத்தனை பேரும் முகத்தை மூடிக்கொண்டார்கள். அப்பா மெல்லச் சொன்னார்: "பார்க்காதே."

அந்த ஆசியின்போது இறைவனின் பிரசன்னம் கூடத்துக்குள் இறங்குகிறது, மனிதக் கண் அதைத் தாங்காது என்பது நம்பிக்கை. அந்தப் பிரசன்னத்துக்கு 'ஷெகினா' என்று பெயர். பார்க்காதே என்று சொன்ன பிறகு எட்டு வயதுப் பையன் பார்க்காமல் இருப்பானா? திருட்டுத்தனமாக ஒரு கண்ணைத் திறந்தான். சால்வைகளுக்கு அடியிலிருந்து கைகள் நீண்டிருந்தன. சுண்டுவிரலும் மோதிரவிரலும் ஒட்டியிருந்தன. நடுவிரலும் ஆட்காட்டி விரலும் ஒட்டியிருந்தன. இரண்டு ஜோடிக்கும் நடுவே அகலமான பிளவு. எபிரேய எழுத்தான 'ஷின்' வடிவம் அது. சர்வவல்லவரைக் குறிக்கும் 'ஷடாய்' என்ற பெயரின் முதலெழுத்து. இந்த விளக்கமெல்லாம் அவனுக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. அன்றைக்கு அவனை உலுக்கியது அந்தக் கைகளின் தோற்றம் மட்டுமே. விரல்கள் படியும்வரை பழகினான். பழகிய வித்தையால் அப்போது ஒரு பயனும் இல்லை.

அதே வயதில்தான் அவனுக்கு நாடகப் பைத்தியமும் பிடித்தது. குடியேறியவர்களின் பிள்ளைகளுக்காகப் பேட்டையில் நடந்த சமூக மன்றத்தில் சிறுவர் நாடகங்களில் நடித்தான். வளர்ந்ததும், நடிப்புதான் தொழில் என்று அறிவித்தபோது வீடு அதிர்ந்தது. அக்கார்டியன் வாசிக்கவாவது கற்றுக்கொள், நடிப்பு கைவிட்டாலும் கல்யாண வீடுகளில் வாசித்துப் பிழைக்கலாம் என்பது அப்பாவின் யோசனை. மகன் கேட்கவில்லை. வாக்யூம் கிளீனர் விற்றுச் சேர்த்த காசோடு கலிபோர்னியாவுக்கு ரயிலேறினான்.

ஹாலிவுட் லியோனார்டு நிமோயை வரவேற்கவும் இல்லை, விரட்டவும் இல்லை. அதுதான் கொடுமை. 1952ல் 'கிட் மங்க் பரோனி' என்ற சிறிய படத்தில் கதாநாயகனாகவே நடித்தார். படம் வந்த சுவடு தெரியாமல் போனது. அதே ஆண்டு ஒரு தொடர்ப்படத்தில் செவ்வாய்க் கிரகத்திலிருந்து வரும் ஆளாக ஒரு வேடம். பிறகு ராணுவ சேவை. திரும்பி வந்ததும் டாக்சி ஓட்டினார், சினிமா தியேட்டரில் டிக்கெட் பார்த்து இடம் காட்டினார், இடையிடையே கிடைத்த துண்டு வேடங்களில் நடித்தார். கௌபாய் தொடரில் அடியாள், துப்பறியும் தொடரில் சந்தேக நபர். 1956ல் ஓர் இரவு அவருடைய டாக்சியில் ஏறியவர் செனட்டர் ஜான் கென்னடி. இருவரும் மாசசூசெட்ஸ்காரர்கள், பேச்சு வளர்ந்தது. நடிகர் என்று தெரிந்ததும் கென்னடி, உங்கள் தொழிலிலும் என் தொழிலைப் போலப் போட்டி அதிகம், ஆனால் நல்லவர் ஒருவருக்கு எப்போதும் இடம் இருக்கும் என்ற பொருளில் சொன்னதாக நிமோய் பின்னாளில் நினைவுகூர்ந்தார். அந்த இடம் காலியாக இன்னும் எட்டு வருடம் ஆயிற்று.

அதுவரை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்த நடிப்பு வேலை ஒன்றுகூட அவருக்கு அமையவில்லை. ஒப்பனை அறைக் கதவில் அவர் பெயரைச் சாக்பீஸால்தான் எழுதுவார்கள், அடுத்த ஆள் வந்தால் அழித்துவிட வசதியாக. துணை நடிகரின் வாழ்க்கையை இதைவிடச் சுருக்கமாகச் சொல்லிவிட முடியாது. 1964ல் 'தி லெப்டினன்ட்' என்ற தொடரில் வழக்கம்போல ஒரே ஓர் அத்தியாயத்துக்கு வந்து போனார். அந்தத் தொடரின் தயாரிப்பாளர் ஜீன் ராடன்பெரி. அவர் மனதில் அப்போது விண்வெளிக் கதை ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அதில் ஸ்போக் என்ற வேற்றுக் கிரகத்து அதிகாரி ஒருவர் உண்டு. நிமோயின் ஒடுங்கிய, எலும்பு தெரியும் முகம் அவர் கண்ணில் நின்றுவிட்டது.

ஆனால் அந்த வேடத்துக்குக் கூர்மையான காதுகள் வேண்டும். முதலில் செய்து வந்த காதுகள் பார்க்கச் சகிக்கவில்லை. ஒப்பனைக் கலைஞர் ஃபிரெட் பிலிப்ஸ் அவற்றை ஒதுக்கிவிட்டு, வேறு ஸ்டுடியோவில் இருந்த தேர்ந்த ஆளிடம் புதிதாகச் செய்து வாங்கினார். கேலிப்பொருளாகிவிடுவோமோ என்று நிமோய் கலங்கினார். பதின்மூன்று அத்தியாயம் பொறுத்துக்கொள், அப்போதும் பிடிக்கவில்லை என்றால் காதுக்கு அறுவை சிகிச்சை நடப்பதாக நானே ஒரு கதை எழுதித் தருகிறேன் என்று ராடன்பெரி வாக்குக் கொடுத்தார். அதற்குள் பெரிய இடி விழுந்தது. எடுத்துக் காட்டிய முன்னோட்ட அத்தியாயத்தை என்.பி.சி. தொலைக்காட்சி நிறுவனம் திருப்பி அனுப்பியது. மூளைக்கு அதிக வேலை தருகிறதாம். கூர்க்காது ஆளைத் தூக்கிவிடு என்றும் சொன்னது. சாத்தான் போலத் தெரிகிறார் என்று பயந்தது.

ராடன்பெரி மற்ற பாத்திரங்களை விட்டுக்கொடுத்தார், ஸ்போக்கை விடவில்லை. இரண்டாவது முன்னோட்டம் தேறியது. 1966 செப்டம்பர் 8 அன்று 'ஸ்டார் டிரெக்' ஒளிபரப்பானது. நிமோய்க்கு வாரம் 1,250 டாலர். விளம்பரப் புத்தகத்தில் ஸ்போக்கின் காதுகளை என்.பி.சி. தூரிகையால் மழுங்கடித்திருந்தது. ஆனால் ரசிகர் கடிதங்கள் மூட்டையாக வரத் தொடங்கியதும், அதே காதுகளை இன்னும் காட்டு என்று கேட்டது.

பதினைந்து வருடம் பெரும்பாலும் சிறு வேடங்களில் நடித்தவருக்கு ஒரு பழக்கம் படிந்திருந்தது. எழுத்தாளர் எழுதாமல் விட்ட இடத்தைத் தன் உடலால் நிரப்புவது. முதல் பருவத்திலேயே அது வெளிப்பட்டது. ஓர் அத்தியாயத்தில் விண்கலத்தின் கேப்டன் கிர்க் நல்லவர், கெட்டவர் என இரண்டு ஆளாகப் பிரிகிறார். கெட்ட கிர்க்கைப் பின்னாலிருந்து துப்பாக்கிக் கட்டையால் ஸ்போக் தாக்க வேண்டும் என்றிருந்தது. இத்தனை நாகரிகமான ஆள் அப்படிச் செய்வானா என்று நிமோய் யோசித்து, கழுத்தும் தோளும் சேரும் இடத்தில் விரல்களால் அழுத்தி மயக்கமடையச் செய்யலாம் என்றார். கிர்க்காக நடித்த வில்லியம் ஷாட்னர் அழுத்திய கணமே துவண்டு விழுந்து அதை நம்பவைத்தார். காலத்தால் அழியாத இன்னொன்று அடுத்த வருடம் காத்திருந்தது.

இரண்டாம் பருவத்தின் முதல் அத்தியாயம் 'அமோக் டைம்'. எழுதியவர் தியோடர் ஸ்டர்ஜன். ஸ்போக் தன் தாய்க் கிரகமான வல்கனுக்குத் திருமணத்துக்காகத் திரும்புகிறார். வல்கன் மக்களை ரசிகர்கள் கூட்டமாகப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. பல்லக்கில் வந்து இறங்கும் மூதாட்டி டி'பாவை ஸ்போக் எதிர்கொள்ளும் காட்சிக்கு ஆயத்தம் நடந்தது. அங்கே நிமோய்க்கு ஒன்று உறுத்தியது. மனிதர்கள் கைகுலுக்குகிறார்கள், சிப்பாய்கள் சல்யூட் அடிக்கிறார்கள், ஆசியாவில் தலை வணங்குகிறார்கள். இந்த மக்கள் சந்தித்தால் என்ன செய்வார்கள்? திரைக்கதையில் ஒன்றுமில்லை. இயக்குநர் ஜோசப் பெவ்னி, என்ன செய்யலாம் என்று அவரையே கேட்டார்.

வலது கை உயர்ந்தது. பாஸ்டனில் பழகிய விரல்கள் தாமாகவே இரண்டு ஜோடியாகப் பிரிந்தன. ஆசாரியர்கள் இரண்டு கையால் செய்ததை அவர் ஒரு கையால் செய்தார். பெவ்னி ஏற்றுக்கொண்டார். சிக்கல் எதிரே நின்றது. டி'பாவாக நடித்த செலியா லோவ்ஸ்கிக்கு அந்த விரல்கள் பிரியவே மறுத்தன. கேமராவுக்குத் தெரியாமல் கீழே வைத்து, மறு கையால் விரல்களைப் பிரித்து வைத்துக்கொண்டு, கலையாமல் அப்படியே தூக்கிக் காட்டினார். மூதாட்டியின் கம்பீரம் துளியும் குறையவில்லை. நீண்டு வாழ்ந்து செழிக்க வாழ்த்தும் சொற்களை ஸ்டர்ஜன் ஏற்கெனவே எழுதியிருந்தார். சொல்லும் கையும் சேர்ந்துகொண்டன. 1967 செப்டம்பர் 15 அன்று அத்தியாயம் ஒளிபரப்பானது.

அதன் பிறகு நிமோய் தெருவில் இறங்கினால் எதிரே வருகிறவர்கள் அந்தக் கையைக் காட்டினார்கள். பெரும்பாலோருக்கு அது ஆசாரியர்களின் ஆசி என்று தெரியாது. அவர் அந்தக் கதையைப் பொதுவில் சொல்லும்வரை தெரியாமலே இருந்தது. தொடரின் மூன்று பருவங்களுக்கும் சிறந்த துணை நடிகருக்கான எம்மி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டார், ஒருமுறையும் கிடைக்கவில்லை. 1969ல் தொடரே நிறுத்தப்பட்டது. மறுஒளிபரப்புகள்தான் அதைக் காப்பாற்றின, படங்கள் வந்தன, அவற்றில் இரண்டை நிமோயே இயக்கினார். பின்னாளில் அவர் தீவிரமான புகைப்படக் கலைஞரானார். ஒரு புகைப்படத் தொகுப்புக்கு அவர் வைத்த பெயர் 'ஷெகினா'.

2014 ஜூன் மாதம், உலகத்து எழுத்துகளையெல்லாம் கணினிக்காக வரிசைப்படுத்தும் யூனிகோட் தன் 7.0 பதிப்பை வெளியிட்டது. அதில் சேர்ந்த புதிய எமோஜிகளில் இந்தக் கையும் ஒன்று. 2015 பிப்ரவரி 27 அன்று, 83 வயதில் நிமோய் காலமானார். ஏப்ரலில் அந்தக் கை ஐபோன் விசைப்பலகைக்கு வந்தது. இன்று வாட்ஸ்அப்பில் கும்பிடும் கையையோ கட்டைவிரலையோ தேடி விரல் அலையும்போது தட்டுப்படுகிற, நான்கு விரலும் இரண்டாகப் பிரிந்த மஞ்சள் கை அதுதான். யூனிகோட் பட்டியலில் அதற்கு இட்ட பெயரில் வல்கனும் இல்லை, ஸ்போக்கும் இல்லை, ஆசாரியரும் இல்லை. நடுவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் இடையே பிளவுள்ள, உயர்த்திய கை என்று மட்டும் இருக்கிறது.