கேட்டறிந்து வளர்ந்த இயங்குதளம்

விலை கொடுத்து வாங்கிய பொறி பழுதுற்றால், விற்றவரிடம் சென்று முறையிடுதல் உலக வழக்கு. விற்றவரே இல்லாத பொருள் பழுதுற்றால் யாரிடம் முறையிடுவது? பெரும்பாலும் விலையின்றிக் கிடைக்கும் லினக்ஸ் எனும் இயங்குதளத்தைத் தம் மேசைக் கணினியில் நிறுவிக்கொண்டோர், முப்பது ஆண்டுகளுக்கு மேலாக எதிர்கொண்டுவரும் வினா இதுவேயாகும். அவர்கள் கண்ட விடை, ஒருவர்க்கொருவர் உதவுதல் என்பதாம். அவ்வுதவி எவ்வாறு தோன்றியது, எவ்விடத்தில் இடறியது, எவ்வாறு நிமிர்ந்தது என்பது அறியத்தக்க வரலாறாகும்.

வினாவில் பிறந்தது

அமெரிக்கரான ரிச்சர்டு ஸ்டால்மன் 1983ஆம் ஆண்டில் ‘குனு’ எனும் திட்டத்தை அறிவித்தார். மென்பொருளைப் பயன்படுத்துவோர், அதன் மூலநிரலைப் படிக்கவும் திருத்தவும் பிறர்க்கு வழங்கவும் உரிமை பெற்றிருத்தல் வேண்டும் என்பது அவர்தம் கொள்கை. எட்டாண்டுகள் கழித்து, 1991 ஆகஸ்டு 25ஆம் நாள், பின்லாந்தின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ், மினிக்ஸ் எனும் இயங்குதளத்தைப் பயன்படுத்துவோரின் செய்திக்குழுவுக்கு ஒரு மடல் விடுத்தார். தாம் புதியதோர் இயங்குதளம் எழுதிவருவதைத் தெரிவித்து, மினிக்ஸில் விரும்பத்தக்கவை எவை, விரும்பத்தகாதவை எவை என்று அதில் வினவியிருந்தார். பிறர் கருத்தைக் கேட்டவாறே லினக்ஸ் உலகினுள் அடியெடுத்து வைத்தது.

வாதமும் உடன்பிறந்ததே. 1992 ஜனவரியில், மினிக்ஸைப் படைத்த பேராசிரியர் ஆண்ட்ரூ டேனன்பாம், லினக்ஸின் அமைப்புமுறை காலங்கடந்தது என்று அதே குழுவில் எழுதினார். இருபத்திரண்டு வயதே நிரம்பியிருந்த டோர்வால்ட்ஸ் அதனைக் கடுமையாக மறுத்தெழுதினார். பேராசிரியர் என்றும் மாணவர் என்றும் பாராமல், கருத்தைக் கருத்தால் எதிர்கொள்ளும் மரபு அன்றே வேரூன்றியது.

பழுதே பள்ளியானது

1993ஆம் ஆண்டில் ஸ்லாக்வேர், டெபியன் எனும் தொகுப்புகள் தோன்றின. அந்நாளில் லினக்ஸை நிறுவுதல் எளிதன்று. நெகிழ்வட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாகச் செருகிக் காத்திருத்தல் வேண்டும். படங்களும் சாளரங்களும் திரையில் தோன்றுவதற்கு, அத்திரையின் அதிர்வெண் அளவுகளைப் பயனரே கோப்பில் எழுதியாதல் வேண்டும். தவறான அளவு திரையையே கெடுத்துவிடக்கூடும் என்று கையேடுகள் எச்சரித்தன. தொலைபேசிவழி இணையத்தில் இணைக்கும் மோடம்களுள் சில, விண்டோஸின் துணையின்றி இயங்காதவை. அவை லினக்ஸ் பயனர்க்கு வெறும் சடப்பொருளாய்க் கிடந்தன. பின்னாளில் வந்த கம்பியில்லா இணைப்பு அட்டைகளும் அத்தகைய தொல்லையையே தந்தன. உற்பத்தியாளர் பலர் தம் கருவியின் உள்ளமைப்பை வெளியிட மறுத்தமையே இதற்குக் காரணம்.

இத்தொல்லைகளே ஒரு நூலகத்தைப் படைத்தன. 1990களின் தொடக்கத்தில் உருவான ‘லினக்ஸ் ஆவணத் திட்டம்’, அச்சுப்பொறி, ஒலியட்டை, மோடம் என ஒவ்வொரு பொருளுக்கும் ‘எவ்வாறு செய்வது’ எனும் வழிகாட்டியைத் தொகுத்தது. அவற்றை எழுதியோர் ஊதியம் பெற்ற ஆசிரியர் அல்லர். பெரும்பாலும் தாமே பட்டுத் தெளிந்த தன்னார்வலர். தம் இடர் தீர்ந்ததும் ஒதுங்கிவிடாமல், அடுத்தவர்க்காக எழுதி வைத்தமையே அவர்தம் பெருமை.

கருத்து வேறுபாட்டின் பயன்

1996 அக்டோபரில், ஜெர்மனியின் டூபிங்கன் பல்கலைக்கழக மாணவரான மத்தியாஸ் எட்ரிச், கே.டி.இ. எனும் மேசைத்தளத் திட்டத்தைத் தொடங்கினார். நிரல்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாய்த் தோன்றி இயங்கினால் எளிய பயனர் எவ்வாறு பழகுவர் என்பது அவர் எழுப்பிய வினா. அத்திட்டத்துக்கு அடிப்படையான ‘கியூட்டி’ எனும் நிரற்கருவியின் உரிமம் முழுச் சுதந்திரம் அளிக்கவில்லை என்று சிலர் குறைகூறினர். அக்குறையின் விளைவாக, மெக்சிகோவைச் சேர்ந்த மிகேல் டி இகாசாவும் பெடரிக்கோ மேனாவும் 1997இல் குனோம் திட்டத்தைத் தொடங்கினர். 2000ஆம் ஆண்டில் கியூட்டியும் குனுவின் பொது உரிமத்தின்கீழ் வெளியானது. பூசலின் காரணம் நீங்கிற்று. மேசைத்தளங்கள் இரண்டும் நிலைத்தன. எது சிறந்தது என்னும் வாதமும் நிலைத்தது.

2011இல் குனோம் தன் மூன்றாம் பதிப்பில் பழைய தோற்றத்தை முற்றிலும் மாற்றியபோது பயனர் பலர் வெகுண்டனர். டோர்வால்ட்ஸும் வெளிப்படையாகவே கண்டித்து வேறொரு மேசைத்தளத்துக்கு மாறினார். மூலநிரல் பொதுவுடைமையாதலின், பழைய தோற்றத்தை விரும்பியோர் அதனை ‘மாட்டே’ எனும் பெயரில் தாமே தொடர்ந்து வளர்த்தனர். விற்பனைப் பொருளின் வாடிக்கையாளர்க்கு இல்லாத உரிமை இதுவாகும்.

புதியோரை வரவேற்றலும் விரட்டலும்

எனினும் ஒரு குறை நெடுங்காலம் நீடித்தது. புதிதாய் வந்தவர் எளிய ஐயம் கேட்பின், ‘முதலில் கையேட்டைப் படி’ என்று இழித்துரைப்போர் இருந்தனர். கேட்போரிடமும் குறை உண்டு. ‘கணினி வேலை செய்யவில்லை’ என்று மட்டும் எழுதினால் எவர் விடையளிக்க இயலும்? எந்தத் தொகுப்பு, எந்தப் பதிப்பு, எந்தக் கருவி, இட்ட கட்டளை யாது, திரையில் தோன்றிய பிழைச்செய்தி யாது என்பவற்றைப் பிழையின்றித் தருதல் கேட்போரின் கடமை. 2001இல் எரிக் ரேமண்டும் ரிக் மோயனும் எழுதிய, வினவும் முறை பற்றிய கட்டுரை இதனை விரிவாக விளக்கிற்று.

விடையளிப்போரின் கடமையை வலியுறுத்தியது உபுண்டு தொகுப்பு. தென்னாப்பிரிக்கரான மார்க் ஷட்டில்வொர்த்தின் முயற்சியால் 2004 அக்டோபரில் அது வெளிவந்தது. பிறரிடம் பரிவும் மதிப்பும் காட்ட வேண்டும் எனும் நடத்தை நெறியை வகுத்துக்கொண்டது. கேட்டவர்க்குக் குறுவட்டுகளை 2011 வரை இலவசமாய் அஞ்சலில் அனுப்பியது. 2018 செப்டம்பரில் டோர்வால்ட்ஸே தம் கடுஞ்சொற்களுக்காக வருத்தம் தெரிவித்தார். லினக்ஸ் உருவாக்குநர் சமூகமும் நடத்தை நெறி ஒன்றை ஏற்றது.

வரலாறு உணர்த்துவது

தீர்வு கிடைத்ததும் ‘சரியாகிவிட்டது’ என்று மட்டும் எழுதி அகல்வோர், பின்வருவோரை இருளில் விடுகின்றனர். பழைய பதிப்புக்குரிய தீர்வை ஆராயாமல் புதிய பதிப்பில் இடுவோர், இருந்ததையும் கெடுத்துக்கொள்கின்றனர். ஆதலின் விடையோடு காரணத்தையும் காலத்தையும் குறித்து வைத்தல் இன்றியமையாதது.

லினக்ஸை வளர்த்தது நிரல் எழுதுவோரின் அறிவு மட்டுமன்று. அறியாமையை மறைக்காது கேட்டவரின் துணிவும், எள்ளாது விடையளித்தவரின் பொறுமையுமாகும். கேட்டவரை நாணச் செய்த இடத்தில் அச்சமூகம் தேய்ந்தது. அவரை அமர்த்திக் கற்பித்த இடத்தில் வளர்ந்தது. வகுப்பறையும் இதற்கு விலக்கன்று.